ஏரியா பேரைச் சொன்னாலே 'வீடு இல்லை', 'லோன் இல்லை'... இதைத் தடுக்க சட்டம் இருக்கிறதா?

"எங்க இருந்து பேசுறீங்க?"

"ராயபுரங்க. இப்ப காசிமேடு பக்கம் குடியிருக்கோம்."

"ஓ... ஒரு நிமிஷம். அந்த வீட்டுக்கு ஏற்கனவே ஆள் வந்துட்டாங்களாம். வேற ஏதாவது இருந்தா கூப்பிடுறேன்."

வடசென்னையிலிருந்து அண்ணா நகருக்கோ மயிலாப்பூருக்கோ வீடு மாற்ற முயன்ற பலருக்கு இந்த உரையாடல் பழக்கமானது. அன்று மாலை அதே வீட்டின் 'டு லெட்' விளம்பரம் செயலியில் அப்படியே இருக்கும். சில ஹவுஸ் ஓனர்கள் கொஞ்சம் நேரடியாகவே கேட்பார்கள்: "நீங்க என்ன ஆளுங்க?", "நான்-வெஜ் சமைப்பீங்களா?", "வீட்ல யாராவது மீன் வியாபாரமா?"

வங்கியிலும் இதே கதைதான், கேள்வி மட்டும் வேறு. 600013 ராயபுரம், 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர். டூவீலர் லோனுக்கோ கிரெடிட் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது பின்கோடு கேட்ட பிறகு முகவரின் குரல் மாறுகிறது என்பது இங்கு பல ஆண்டுகளாக உள்ள புகார். "உங்க ஏரியா நெகட்டிவ் சார்" என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். எழுத்தில் கேட்டால் கிடைக்காது.

இப்படி மறுப்பது சட்டப்படி குற்றமா? யார் மறுக்கிறார், யாருக்கு மறுக்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது.

அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் அரசு யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 15வது பிரிவின் முதல் உட்பிரிவு. கவனிக்க வேண்டிய வார்த்தை 'அரசு'. வீட்டு உரிமையாளர் அரசு கிடையாது.

ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு தனி நபர்களுக்கும் பொருந்தும். கடை, ஹோட்டல், பொது உணவகம், கேளிக்கை இடங்களுக்குள் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. இதில் 'கடை' என்றால் எதுவரை? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி வந்தபோது, பணம் வாங்கிக்கொண்டு சேவை தர முன்வரும் எல்லாரையும் குறிக்கும் விரிந்த பொருளில்தான் அந்தச் சொல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். 2011ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்த விரிந்த பொருளை எடுத்துக்கொண்டது. அது தனியார் கல்லூரி சேர்க்கை பற்றிய வழக்கு. வாடகை வீட்டை அந்தப் பட்டியலுக்குள் கொண்டுவரலாம் என்ற வாதத்துக்கு இது கைகொடுக்கும். வாதம் என்ற அளவில்தான்.

ஏனென்றால் வீடு விஷயத்தில் நேரடியாக வந்த பெரிய தீர்ப்பு எதிர்த்திசையில் இருக்கிறது. அகமதாபாத்தில் பார்சி சமூகத்தினர் நடத்திய ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், பார்சி அல்லாதவருக்கு உறுப்பினர் உரிமை கிடையாது என்று துணைவிதி வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் தன் இடத்தை வெளியாருக்கு விற்க முயன்றபோது வழக்கு உருவானது. 2005ல் உச்ச நீதிமன்றம், தங்களுக்குள் சங்கம் அமைத்துக்கொள்வது அவர்களது உரிமை என்று கூறி அந்த விதியை ஏற்றுக்கொண்டது. அம்பேத்கர் 1917 வாக்கில் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனபோது எங்கும் வீடு கிடைக்காமல் பார்சி விடுதியில் தங்கி, சாதி தெரிந்ததும் கம்புகளுடன் வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். அதைத் தன் நினைவுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். அந்தச் சம்பவம் நடந்த இடமும் இந்த வழக்கு எழுந்த இடமும் இன்றைய குஜராத் மாநில எல்லைக்குள் இருக்கின்றன. சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் கிட்டத்தட்ட 90 ஆண்டு இடைவெளி.

பட்டியல் சாதியினருக்கு மறுத்தால்?

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பலருக்குத் தெரியாது.

1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976 முதல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் உள்ளது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதையோ வாங்குவதையோ அதில் வசிப்பதையோ தீண்டாமையின் பெயரால் தடுப்பது அதன் 4வது பிரிவின்படி குற்றம். 7வது பிரிவின் விளக்கத்தில், வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பதும் 'புறக்கணிப்பு' என்ற கணக்கில் வருகிறது.

இந்தச் சட்டத்தின் 12வது பிரிவுதான் முக்கியமான ஆயுதம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் வேலை. தண்டனை மட்டும் பழைய காலத்தது: ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். இன்றைக்கு ஒரு புரோக்கர் வாங்கும் கமிஷனில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அதைவிடக் கடுமையானது 1989ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த வடிவத்தில், பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் திணிப்பதும், அப்படிச் செய்வேன் என்று மிரட்டுவதும் தனிக் குற்றங்கள். வழக்கமாக எல்லாரிடமும் செய்யும் கொடுக்கல் வாங்கலை ஒருவரிடம் மட்டும் செய்ய மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பின் வரையறையில் உள்ளது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

நடைமுறையில் சிக்கல் எங்கே? "உங்க சாதிக்காக வீடு தரல" என்று எந்த ஓனரும் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை. "என் தம்பி குடும்பம் வருது", "பெயின்ட் அடிக்கணும்", "ஃபேமிலி பெருசா இருக்கு" என்பார். ஒரு போன் காலில் முடிந்துபோகும் விஷயத்துக்கு எஃப்ஐஆர் போட யாரும் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. வேலையைப் பார்ப்பதா, வீடு தேடுவதா, வழக்கு நடத்துவதா?

சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். வேலை, சம்பளம் எல்லாம் ஒரேமாதிரி. பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருடன் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீடு கிடைத்தது. தலித் பெயர்களுக்கு மறுப்பு, அதைவிட அதிகமாக முஸ்லிம் பெயர்களுக்கு மறுப்பு. தனியாகப் பார்த்தால் ஒரு சாக்குப்போக்கு, கூட்டிப் பார்த்தால் பாகுபாடு.

மீனவருக்கு, முஸ்லிமுக்கு, தலித் கிறிஸ்தவருக்கு?

வடசென்னைக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். பதில்தான் கொஞ்சம் கசப்பானது.

காசிமேடு முதல் எண்ணூர் குப்பங்கள் வரை வாழும் மீனவ சமூகங்கள் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியில் இல்லை. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புகளில் வருகிறார்கள். 'மீன் வாடை' என்று சொல்லி வீடு மறுத்தால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது.

தலித்தாகப் பிறந்து கிறிஸ்தவராக இருப்பவருக்கும் அந்தச் சட்டம் உதவாது. 1950ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். பழைய தேவாலயங்களைச் சுற்றி வளர்ந்த ராயபுரத்தில் இது ஏட்டுப் பிரச்சினை கிடையாது. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணனுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கும், மதம் மாறிய தம்பிக்கு இருக்காது. வீடு மறுப்பவர் இரண்டு பேரையும் ஒரே கண்ணோடுதான் பார்க்கிறார்.

முஸ்லிம் என்பதற்காகத் தனியார் ஓனர் மறுத்தால் தண்டிக்க நேரடிச் சட்டம் இல்லை. தனியாக வாழும் பெண், கணவரைப் பிரிந்தவர், வடமாநிலத் தொழிலாளி ஆகியோருக்கும் இல்லை.

இரண்டு பிரிவினருக்கு மட்டும் நாடாளுமன்றம் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. 2019ம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் குடியிருக்கவும் திருநர்களுக்கு உள்ள உரிமையை மறுப்பதைத் தனி நபர்களுக்கும் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் தண்டனைப் பட்டியலில் வாடகை மறுப்பு தனிக் குற்றமாக இடம்பெறவில்லை. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு 2017ம் ஆண்டு சட்டத்தில் இதேபோன்ற பாதுகாப்பு இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு இப்படி எழுதத் தெரியும் என்பதற்கு இவை சாட்சி. எல்லாருக்குமாக எழுதத்தான் இன்னும் ஆகவில்லை. சசி தரூர் எம்.பி. கொண்டுவந்த பாகுபாடு எதிர்ப்பு தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

2017ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்கியது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத விதியாக இருந்த நிலையில், மூன்று மாத வாடகை என்று அளவு வைத்தது. தகராறு வந்தால் ஓனர் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் இந்தச் சட்டம் விழித்துக்கொள்வது ஒப்பந்தம் போட்ட பிறகு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

மாநில அரசு நினைத்தால் அந்த வரியைச் சேர்க்க முடியுமா? முடியும். சொத்து, வாடகை தொடர்பாகச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு இடம் இருப்பதால்தான் 2017 சட்டமே வந்தது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமையை மத்திய அரசு 2005ல் கொடுத்தது, தமிழ்நாடு 1989லேயே கொடுத்துவிட்டது. ஆகவே டெல்லிக்கு முன்னால் சட்டம் போடுவது இந்த மாநிலத்துக்குப் புதுப்பழக்கம் இல்லை.

பக்கத்து உதாரணமும் இருக்கிறது. சாதிப் பஞ்சாயத்துகள் குடும்பங்களை ஊர்விலக்கம் செய்வதைத் தடுக்க மகாராஷ்டிரா 2016ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவருக்கும் அது பொருந்தும். மூன்று ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் ஊர்விலக்கப் புகார்கள் அவ்வப்போது வருகின்றன. இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை.

நேர்மாறான உதாரணமும் உண்டு. குஜராத்தின் 1991ம் ஆண்டு 'பதற்றப் பகுதிகள்' சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொத்து கைமாற கலெக்டர் அனுமதி தேவை. மிரட்டி விற்கவைப்பதைத் தடுக்க வந்தது அது. இந்துப் பகுதி, முஸ்லிம் பகுதி என்ற பிரிவினையை அது கெட்டிப்படுத்திவிட்டது என்பது நீண்டகால விமர்சனம்.

அமெரிக்காவில் எப்படி மாறியது?

'ஏரியா நெகட்டிவ்' என்ற பேச்சுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு: ரெட்லைனிங். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகர வரைபடங்களில் 'ஆபத்தான' பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் காட்டியது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அவை. கடன் வராததால் வீடுகள் பழுதாகின, பழுதானதால் மதிப்பு விழுந்தது, மதிப்பு விழுந்ததைக் காட்டி மறுபடி கடன் மறுக்கப்பட்டது.

மாற்றம் முதலில் மாநிலங்களில் வந்தது. தனியார் வீடுகளிலும் பாகுபாடு கூடாது என்று கொலராடோ, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் 1959லேயே சட்டம் போட்டன. கலிஃபோர்னியா 1963ல் போட்டது. அடுத்த ஆண்டே அங்குள்ள வாக்காளர்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அதை முடக்கினார்கள். 1967ல் உச்ச நீதிமன்றம் அந்த முடக்கம் செல்லாது என்றது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, நாடு முழுமைக்குமான நியாயமான வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. கடனில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1974ல் வந்தது. 2023ல் சியாட்டில் நகரம் தன் பாகுபாடு எதிர்ப்புச் சட்டத்தில் 'சாதி'யையும் சேர்த்தது. ஆக, சாதி பார்த்து வாடகை மறுக்கக் கூடாது என்று சியாட்டிலில் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டுவிட்டது, சென்னையில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும்தான் உருப்படியான சட்டம் இருக்கிறது.

சரி, லோன் விஷயம்?

வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் வருகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் வங்கிகளுக்கு உத்தரவு போட முடியாது. வட்டிக்குக் கொடுப்போரை மட்டும் கட்டுப்படுத்தலாம். 2003ம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் அந்த வகை.

வங்கிகளுக்கு விதி சொல்வது ரிசர்வ் வங்கி. கடன் கொடுப்பதில் பாலினம், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2003ம் ஆண்டின் நியாய நடைமுறை விதிகளிலேயே சொல்லியாகிவிட்டது. 2014ல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமை சாசனம் வயதையும் உடல்திறனையும் சேர்த்தது. 'குடியிருக்கும் ஏரியா' என்ற வார்த்தை இரண்டிலும் இல்லை. வடசென்னைக்காரருக்கு இடிக்கும் இடம் இதுதான். சாதியைக் கேட்காமலே, மதத்தைக் கேட்காமலே, பின்கோடு அந்த வேலையைச் செய்துவிடும்.

வங்கித் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. ஒரு பகுதியில் வாராக்கடன் அதிகமாக இருந்தால் எச்சரிக்கையாக இருப்பது வியாபாரம் என்பார்கள். போலீஸ்காரர், வக்கீல், பத்திரிகையாளர் ஆகியோருக்கும் லோன் கொடுக்க யோசிப்பதாக இதே காரணத்தால்தான் பேச்சு இருக்கிறது. ஆனால் ஒருவரின் சம்பளத்தையும் பழைய தவணைகளையும் பார்க்காமல், அவர் தெருவில் யாரோ கட்டாத தவணைக்காக அவரை நிராகரிப்பது எச்சரிக்கை ஆகாது.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: ஆவணம். குப்பங்களில் தலைமுறைகளாக இருக்கும் வீட்டுக்குப் பட்டா இருக்காது. முன்பு குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் அலாட்மென்ட் ஆர்டர் இருக்கும், பல பேரிடம் கிரயப் பத்திரம் இருக்காது. அடமானம் வைக்க ஒன்றுமில்லை என்று வங்கி கைவிரிக்கும்போது அதைப் பாகுபாடு என்று வழக்காட முடியாது. மீட்டர் வட்டிக்காரர் பத்திரம் கேட்பதில்லை, வீட்டைத் தெரிந்து வைத்திருந்தால் போதும் அவருக்கு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபிறகு நிலத்தின் மதிப்பு பேசப்படுகிறது. பத்திரம் இல்லாதவருக்கு அந்த மதிப்பில் பங்கு இல்லை.

ஏரியாவைப் பற்றி ரிசர்வ் வங்கி வெளிப்படையாகப் பேசிய ஓரிடம் உண்டு. அது கல்விக்கடன். மாணவரின் வீடு வங்கிக் கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்ற காரணத்தால் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று 2012 நவம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். சிபில் ஸ்கோர் குறைவு என்ற ஒரே காரணத்தால் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023ல் கூறியிருக்கிறது. முதல்முறை கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் உள்ளது. இதை 2025ல் மத்திய நிதித்துறை நாடாளுமன்றத்திலும் உறுதிப்படுத்தியது.

மறுத்தால் என்ன செய்யலாம்?

லோன் விண்ணப்பத்தை முகவரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதுதான் பலர் செய்யும் தவறு. எழுத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சின்னக் கடனோ பெரிய கடனோ கிரெடிட் கார்டோ, முக்கியக் காரணத்தை எழுத்துப்பூர்வமாகச் சொல்வது வங்கியின் கடமை என்று 2007 முதல் விதி இருக்கிறது. 'நெகட்டிவ் ஏரியா' என்று எழுதித்தர எந்த மேனேஜரும் விரும்ப மாட்டார். பல நேரங்களில் அந்தக் கேள்வியே கோப்பை மறுபடி திறக்கவைக்கும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். அதில் பிழை இருந்து, புகார் கொடுத்து 30 நாளுக்குள் திருத்தப்படாவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க முடியும்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. தகவலுக்கு 14448. ஒரு எச்சரிக்கை: 'லோன் தரவில்லை' என்று மட்டும் எழுதினால், அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி மனு தள்ளுபடியாகும். 'காரணம் எழுத்தில் தரவில்லை', 'நியாய நடைமுறை விதியை மீறி நடத்தினார்கள்' என்று எந்த விதி மீறப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.

வீடு மறுக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்தால், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், புரோக்கருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பேசிய தேதி, நேரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் கேட்டபோது இல்லை என்ற வீடு, வேறு பெயரில் நண்பர் கேட்டபோது இருக்கிறது என்றால் அது வலுவான ஆதாரம். வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கு இலவச சட்ட உதவி கிடைக்கும்.